ஆமென் சொன்ன பிறகு

அண்ணி கண்ணைத் திறந்துகொண்டு ஜெபம் செய்கிறாள் என்பதை நான்தான் கண்டுபிடித்தேன். அதைக் கண்டுபிடிக்க என் கண்ணும் திறந்திருக்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். சாப்பாட்டு மேசையில் அண்ணன் தலையைக் குனிந்து, "இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று தொடங்கியிருந்தான். நான் வலது கண்ணை லேசாகத் திறந்தேன். எதிரே அண்ணி கைகூப்பியபடி எங்கள் தட்டுகளையே வெறித்துக்கொண்டிருந்தாள். நான் எத்தனை பிடி சாப்பிடுவேன் என்று அளக்கிற பார்வையாகத்தான் எனக்குப் பட்டது.

குறை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. தையல் ஆலையில் சட்டைகளைச் சரிபார்க்கும் மேசையில் பதினோரு வருடமாக நிற்கிறேன். விட்டுப்போன தையல், கோணல் பொத்தான், காலருக்கு அடியில் ஒளிந்திருக்கும் எண்ணெய்க் கறை, எதுவும் என்னிடம் தப்பாது. அங்கே எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். என் காதில் விழாது என்று நினைத்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள். எட்டு மணி நேரம் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்குகிறவள் வீட்டுக்கு வரும்போது அந்தப் புத்தியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டா வர முடியும்?

வீடு என்றால் அண்ணன் வீடு. என் கணவர் தவறிய பிறகு இங்கே வந்து மூன்று வருடமாகிறது. அண்ணனின் ஒரே மகள் கல்யாணமாகிப் போனதும் காலியான அறையில் என் கட்டில் கிடக்கிறது. இத்தனை நாளில் அண்ணி என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அந்த ஒரு சொல் எப்போது வரும் என்று காத்திருப்பதே எனக்குப் பாதி வேலையாகிவிட்டது. இந்த நிலையில் மகள் கைக்குழந்தையோடு ஆறு மாதம் தங்க வருவதாகத் தகவல் வந்தது. அதே வாரத்தில்தான் வீட்டுச் சாப்பாடு கெட்டது.

முதல் நாள் பருப்பில் வாய் வைக்க முடியாத உப்பு. மறுநாள் கீரையில் மருந்துக்கும் உப்பு இல்லை. அதற்கடுத்த நாள் கடல் தண்ணீரைக் காய்ச்சிக் கஞ்சி என்று ஊற்றியது போல இருந்தது. கைதவறிவிட்டது என்று நம்ப நான் என்ன பச்சைக் குழந்தையா? அண்ணி கல்யாணத்துக்கு முன்பு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையலறையில் வேலை பார்த்தவள். முந்நூறு நோயாளிகளுக்கு ஆக்கிய கை. எந்த அண்டாவில் உப்புக் குறைகிறது என்று வாயில் வைக்காமல், ஆவியை மோந்தே சொல்வாளாம். கால் உடைந்து அங்கே படுத்துக் கிடந்த என் அண்ணன் அவள் ஊற்றிய கஞ்சியை மூன்று தடவை கேட்டு வாங்கிக் குடித்துத்தான் அவளைக் கட்டிக்கொண்டான். அது நடந்து இருபத்தாறு வருடம். விருந்துச் சமையல் அவளுக்கு வராது. தினமும் சோறு, ஒரு பருப்பு, ஒரு காய், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஆளுக்கொரு முட்டை, அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவில் ஒரு நாளும் உப்புத் தப்பியதில்லை. அப்படிப்பட்டவள் இன்று தப்பவிடுகிறாள் என்றால் வேண்டுமென்றே விடுகிறாள் என்றுதான் அர்த்தம். 'போ' என்று வாயால் சொல்லாமல் கரண்டியால் சொல்கிறாள்.

சாப்பாடு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் முடியாது. எங்கள் அப்பா வைத்த சட்டம் அது. நன்றி சொல்லி ஆமென் போட்டுவிட்டால் தட்டில் இருப்பது கடவுள் கொடுத்தது. அதற்குப் பிறகு குறை சொன்னவர் மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கிடையாது. ஒன்பது வயதில் உருளைக்கிழங்கு வேகவில்லை என்று சொல்லிவிட்டு நான் ஒருமுறை எழுந்திருக்கிறேன். அந்தப் பசி இன்னும் நினைவிருக்கிறது. அப்பா போய்ப் பல வருடமாகியும் அண்ணனும் நானும் சட்டத்தை மீறியதில்லை. அண்ணன் பாட்டுக்கு நாலு டம்ளர் தண்ணீரைக் குடித்துக்கொண்டு தட்டை வழித்துச் சாப்பிட்டான். அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று நின்று அவனுக்குக் காது பாதி போய்விட்டது. நாக்கும் போய்விட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

சந்தேகம் ஒன்றோடு நிற்குமா? ஒரு நாள் அண்ணி என் தையல் நாடாவை இரவல் கேட்டாள். கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போய்க் கதவிடுக்கில் பார்த்தேன். என் அறையில் சுவரிலிருந்து என் கட்டில் வரைக்கும் அளந்துகொண்டிருந்தாள். இன்னொரு நாள் அடுப்பின் முன்னால் நின்று பானையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டாள். அடுத்ததாக, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவளுடைய பாட்டுப்புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். ஆராதனைக்குக் கொண்டுபோகும் புத்தகம். உள்ளே நான்காக மடித்த ஒரு தாள். தேதி தேதியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "தட்டு இரண்டும் காலி. ஸ்தோத்திரம்." இரண்டு மாதத்துக்கு இதே வரி. நான் சாப்பிடுவதைக் குறித்து வைக்கிறாள்! அதற்கு ஸ்தோத்திரம் வேறு! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைக் கிழித்திருப்பேன். அண்ணனின் இருமல் சத்தம் கேட்டதால் பழையபடி மடித்து வைத்தேன்.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. அண்ணி எப்போதும் எங்களுக்குப் பிறகுதான், தனியாகச் சாப்பிடுவாள். தனக்கென்று நல்லதாக எடுத்து வைத்திருப்பாள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை மதியம், அவள் துணி காயப்போடப் போன நேரத்தில், மூடி வைத்திருந்த அவளுடைய தட்டைத் திறந்து ஒரு விரல் தொட்டு நக்கினேன். எங்களுக்கு வைத்த அதே உப்புக்கரிப்பு. என்னைத் துரத்துவதற்காகத் தானும் தினமும் இதைத் தின்கிறாளா? அவ்வளவு வைராக்கியமா? இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

"அண்ணி, இன்னிக்கு டீ நான் போடறேன்" என்றேன்.

"போடும்மா. நீ போட்டுக் குடிச்சு எத்தனை நாளாச்சு."

அவளுடைய டம்ளரில் சர்க்கரைக்குப் பதிலாக இரண்டு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்கினேன். வாயில் வைத்ததும் துப்புவாள். 'உப்பு இருக்கிறது நன்றாகத் தெரிகிறதே அண்ணி, அப்போது இரண்டு மாதமாக என்ன விளையாட்டு?' என்று கேட்க வேண்டும். வார்த்தைகளைக்கூட வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

அவள் டம்ளரைக் கையில் வாங்கினாள். கண்ணை மூடி, டீக்கும் ஒரு சின்ன நன்றி சொன்னாள். ஒரு வாய் குடித்தாள். முகம் சுளிக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தாள்.

"சர்க்கரை சரியா போட்டிருக்கே. உன் கைக்குத் தனி ருசிதான்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பதினோரு வருடத்தில் ஆயிரக்கணக்கான சட்டைகளைப் பார்த்த எனக்கு, கண்ணெதிரே நின்ற ஒரு மனுஷியைப் பார்க்கத் தெரியவில்லை. அவள் மூன்றாவது வாய்க்கு டம்ளரைத் தூக்கினாள். நான் எட்டிப் பிடுங்கினேன்.

"குடிக்காதீங்க அண்ணி. அதுல உப்பு போட்டிருக்கேன்."

ஏன் போட்டாய் என்று அவள் கேட்கவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தாள்.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"இப்பதான்."

"ரெண்டு மாசம் முன்னாடி காய்ச்சல்ல படுத்தேனே, அதுல போனது. முதல்ல மூக்கு, அப்புறம் நாக்கு. சோறும் சோப்பும் எனக்கு ஒண்ணுதான் இப்போ. டாக்டர்கிட்ட போனேன். திரும்ப வரலாம், வராமலும் போகலாம்னுட்டாரு."

"எங்ககிட்ட சொல்றதுக்கு என்ன அண்ணி?"

"சொன்னா நீ கரண்டியை வாங்கிப்ப. பாவம்னுதான் வாங்குவ. ஆனா எனக்கு வேற என்னம்மா தெரியும்? சமைக்க முடியலைன்னா இந்த வீட்ல எனக்கு என்ன இடம்?"

மூன்று வருடமாக என் தலையணையிடம் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. என் இடத்தைப் பறிக்கிறாள் என்று நான் யாரைச் சந்தேகப்பட்டேனோ அவள் தன் இடத்துக்காகப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"நாடாவை வச்சு என் ரூமை அளந்தீங்களே?" சந்தேகத்தை முழுதாகத் தீர்த்துக்கொள்ளாமல் என்னால் இருக்க முடியாது.

"உன் கட்டிலை நகர்த்தாம தொட்டில் போட முடியுமான்னு பார்த்தேன். போடலாம். குழந்தை அழுதா உன் தூக்கம் கெடும், அதுதான் யோசனை."

பிடுங்கிய டம்ளரில் இருந்த டீயைக் கொட்டினேன். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. நாக்கு போனதுல இருந்து உப்பு போடறப்பல்லாம், ஆண்டவரே, நீரே அளந்து போடும்னு ஜெபம் பண்றேன். நீங்க முதல் வாய் வைக்கிற வரைக்கும் எனக்கு உயிர் இருக்காது. கண்ணை மூடவே பயம். ஆனா பாரு, ரெண்டு மாசமா ரெண்டு தட்டும் காலி. ஒரு குறை இல்லை, ஒரு முகச்சுளிப்பு இல்லை. நாக்கை எடுத்துக்கிட்டவரு உப்பைத் தானே போடறாரு. நாளைக்குச் சபையில எழுந்து சாட்சி சொல்லப்போறேன்."

அப்பாவின் சட்டத்தை இவளுக்கு யாரும் சொல்லவே இல்லை! எங்களுக்கு அது மூச்சு விடுவது போலப் பழகிப்போனது, சொல்ல வேண்டும் என்று அண்ணனுக்கும் தோன்றியிருக்காது, எனக்கும் தோன்றவில்லை. எங்கள் மௌனத்தை அவள் அற்புதம் என்று நம்பியிருக்கிறாள். நாளைக்கு நூறு பேர் முன்னால் அதைச் சொல்லப் போகிறாள். அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான்.

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல என்னால் ஆகவில்லை. நான் மட்டும் சொன்னால், பாவம் பார்த்துத் தன்னிடமிருந்து கரண்டியை வாங்கப் பார்க்கிறேன் என்றுதான் நினைப்பாள். அண்ணனும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆமெனுக்குப் பிறகு அவன் வாயைத் திறக்கமாட்டான். நான் திறந்தால்தான் உண்டு.

சாயங்காலம் ஏழு மணிக்கு மூவரும் மேசைக்கு வந்தோம். அண்ணன் ஜெபம் செய்தான். நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். அண்ணியும் அப்படித்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "ஆமென்" என்றான் அண்ணன். நான் ஒரு வாய் எடுத்து வைத்தேன்.

"அண்ணி, உப்பு கரிக்குது. வாயில வைக்க முடியலை."

அண்ணனின் கை பாதியில் நின்றது. அப்பா பார்த்த அதே பார்வை பார்த்தான். நான் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றேன். ஐம்பதை நெருங்குகிற நான் மறுபடி அந்த ஒன்பது வயதுப் பிள்ளையாகிவிட்டேன். இந்த மேசையில் எனக்கு இனி இடம் உண்டா என்பது தெரியவில்லை.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. அண்ணனைப் பார்த்தாள்.

"என்னங்க, அப்படியா?"

அவன் தண்ணீரைக் குடித்தான். சுவரைப் பார்த்தான்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"ரெண்டு மாசமா" என்று சொல்லிவிட்டு அவனும் எழுந்து நின்றான்.

வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் மாதிரி நாங்கள் இரண்டு பேரும் நிற்க, அண்ணி மட்டும் உட்கார்ந்திருந்தாள். "எதுக்கு ரெண்டு பேரும் எழுந்து நிக்கிறீங்க?" என்று கேட்டாள். சட்டத்தை நான் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள்.

"இருபத்தாறு வருஷமாவா?"

"இருபத்தாறு வருஷமா" என்றான் அண்ணன்.

"அப்ப நான் நல்லா சமைக்கிறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தது?"

"நல்லாத்தான் சமைச்சே!"

"இனிமே அதை நான் எப்படிங்க நம்பறது?"

அண்ணி அழுவாள் என்று பயந்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது. இருபத்தாறு வருடத்தில் நான் பார்த்த முதல் கோபம். தட்டுகளை டணார் டணார் என்று எடுத்தாள், சோற்றை வேறு பானையில் கொட்டினாள், பருப்பில் வெந்நீரை ஊற்றினாள். "பொய் சாட்சி சொல்ல வச்சிருப்பீங்களே என்னை, பாவிங்களா!" என்று கரண்டியை ஆட்டினாள். பிறகு அந்தக் கரண்டியில் பருப்பை அள்ளி என் பக்கம் நீட்டினாள்.

"ருசி பாரு. இன்னும் ஆமென் சொல்லலை. இப்ப சொல்லலாம் இல்ல?"

"கொஞ்சம் கரிக்குது."

இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினாள். "இப்ப?"

"இப்ப சரி."

"இனிமே தினமும் நீ பார்த்துச் சொன்ன பிறகுதான் ஜெபம். நாக்கு நீ, கை நான்" என்றாள். அண்ணன் உட்கார்ந்து முதலிலிருந்து ஜெபம் செய்தான். அன்றைக்கு அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்தான் செலவானது.

மறுநாள் ஆராதனையில், சாட்சி சொல்ல யாராவது இருக்கிறீர்களா என்று போதகர் கேட்டபோது நான் அண்ணியைப் பார்த்தேன். நேற்றுவரை அவ்வளவு ஆசையாக நம்பியதை நான்தானே உடைத்தேன். அண்ணி எழுந்திருக்கவில்லை. பாட்டு தொடங்கியதும், நான் என் புத்தகத்தை மறந்து வந்திருந்ததால், அவளுடையதை இருவருக்கும் நடுவில் பிடித்தாள். பக்கத்தின் மேல் அந்தத் தாள் மடிப்புப் பிரிந்து கிடந்தது. நான் அதை முன்பே படித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியுமோ என்னவோ, மறைக்காமல் கட்டைவிரலால் கடைசி வரியைக் காட்டினாள்.

"தட்டு இரண்டும் மிச்சம். நாத்தனார் குறை சொன்னாள். ஸ்தோத்திரம்."

அந்தப் பாட்டில் நான் ஒரு வரிகூடப் பாடவில்லை.