காணாது என்றவருக்கு இன்னொரு வால்வு

“இன்னும் காணாது மைனி. பட்டனை முழுசாத் திருப்பியாச்சு. ஆனாலும் என் கித்தாரை எவனோ கடலுக்கு அந்தப் பக்கம் உக்காந்து வாசிக்கிற மாதிரி இருக்கு.”

சூசை இப்படிச் சொன்னது மூன்றாவது முறை. “அப்போ நீங்களே அந்தப் பக்கம் போய் வாசிங்க, எங்களுக்கு நல்லாவே கேக்கும்,” என்றேன். சிரித்தார். அண்ணியை மைனி என்பதுபோல, போதாது என்பதற்கு எங்கள் கடற்கரைப் பக்கம் காணாது என்போம். அந்த ஒரு சொல்லால் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். ஒரு பொருளைச் செய்து கொடுத்து, அது ‘சரியில்லை’ என்று அதே வாசலுக்குத் திரும்பி வரக் கண்டவர்கள் எல்லோரும் என் கட்சி.

எழுபதுகளின் தொடக்கம். பிழைக்க வந்த தீவில், டாலிகஞ்சில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் கித்தாருக்கு வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டிக்கொண்டிருந்தேன். ரேடியோ வேலையைத் தபால் வழியாகப் படிக்கப்போவதாகத் தொடங்கிய என் வீட்டுக்காரர் மூன்று பாடத்தோடு நிறுத்திவிட்டார். மீதியை நான் படித்தேன். கான்வென்ட் இங்கிலீஷ் அதற்காவது உதவட்டுமே. மெட்ராஸிலிருந்து கப்பலில் மைக் செட் கிட் வரும். அதைப் பிரித்து, கித்தாருக்கு ஏற்றபடி மாற்றி, இன்னும் உரக்கக் கத்த வைப்பேன். சூசை தீவுகளுக்கு இடையே ஓடும் படகில் எஞ்சின் டிரைவர். கரையில் இருக்கும் நாட்களில் பீட்டரின் பேண்டில் கித்தார். கிறிஸ்துமஸ் டான்ஸுக்குள் கித்தார் ஒழுங்காகவில்லை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக பீட்டர் சொல்லியிருந்தார். பேண்டும் போய்விட்டால் சூசைக்கு எஞ்சின் ரூமைத் தவிர வேறு உலகம் கிடையாது.

இடது கை

வால்வு ஆம்ப்ளிஃபயரின் உள்ளே முந்நூறு வோல்ட் ஓடும். ஸ்விட்சை அணைத்த பிறகும் கன்டென்சருக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும், யாராவது தொடுவார்களா என்று. சோதித்துப் பார்க்கும்போது ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள், இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும் என்கிறது பாடம். பாடம் எழுதியவர் புடவையைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. நான் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, முந்தானையால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வேன். அந்தக் கோலத்தில் மீட்டரின் சிவப்புக் கம்பியை ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

“கதவையாவது சாத்திக்கோ. நான்தான் உன்னைக் கட்டிப்போட்டு வேலை வாங்குறேன்னு டாலிகஞ்ச் முழுக்கப் பேசும்.”

கரண்ட் மேல் பழி

சூசை முதல்முறை காணாது என்றபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் கரண்ட் சோர்ந்துவிடும். பல்பு மஞ்சளாகும், வால்வும் கூடவே சோரும். பகலில் வந்து வாசிக்கச் சொன்னேன். பகலிலும் காணாது. வால்வை மாற்றினேன். காணாது. உப்புக்காற்றில் சாக்கெட் பச்சை பூத்திருந்தது. ஸ்பிரிட் தொட்டுச் சுரண்டினேன். காணாது. ஸ்பீக்கரின் காகிதத்தை விரலால் தடவித் தடவிக் கிழிசல் தேடினேன். கிழிசலும் இல்லை. அந்தப் பெட்டிக்குள் என் மீட்டர் போகாத இடம் ஒன்றும் பாக்கியில்லை.

பெட்டியை மூடிக்கொண்டே, “உங்களுக்கு ஆசை அடங்காது தம்பி, அதுதான் கோளாறு,” என்றேன். தலையாட்டினார்.

“ஆமா மைனி, நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா காணாது.”

யார் அழுவது

வேறு வழியில்லாமல், வால்வுகள் நிற்கும் சேசிஸ் தகட்டில் ஓட்டை போட்டு இன்னொரு வால்வு வைத்தேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முதல் வால்வு கித்தாரின் முணுமுணுப்பைப் பேச்சாக்கும். அடுத்தது பேச்சைக் கூச்சலாக்கும். அதற்கும் மேல் ஒன்று வைத்தால் கூச்சல் கிழிந்து நார்நாராக வரும். அந்த நாருக்குத்தான் கித்தார்க்காரர்கள் உயிரை விடுகிறார்கள். இரைச்சலும் அதே கணக்கில் வளரும்; வயர்ப்பக்கம் விரல் போனாலே பெட்டி உறுமும்.

சூசை முதல் கம்பியை மீட்டியதும் அலமாரியில் தட்டுகள் நடுங்கின. அவர் முகம் அன்றுதான் மலர்ந்தது. பக்கத்து வீட்டுப் பெங்காலி அம்மாள் மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை, கித்தார்தான் என்றேன். நம்பவில்லை. கித்தார் போய் இப்படி அழுமா என்று அவருக்கு.

“கித்தார் ஐஸா ரோதா ஹை க்யா, தீதி?”

ஒரே பெட்டி, இரண்டு புகார்

பக்கத்து ஊர் கராச்சர்மாவில் ஒரு கல்யாண வரவேற்புக்கு அந்தப் பெட்டி போனது. மறுநாள் காலையிலேயே பீட்டர் வந்து நின்றார். பேண்டில் அக்கார்டியன் வாசிப்பவர், அதிர்ந்து பேசாத மனிதர். மாப்பிள்ளை வீட்டார் இலையோடு எழுந்து வெளியே போய்ச் சாப்பிட்டார்களாம். குறைக்கச் சொல்லியும் சூசை குறைக்கவில்லையாம். ஒருவருக்குக் கூடுதல், ஒருவருக்குக் காணாது. இரண்டு பேரில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். அது யார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. கித்தார் பிடித்தவர்களின் தலைக்கனம் எனக்குத் தெரியாதா.

பீட்டர் காபியைக் குடித்துவிட்டு டம்ளரை ஓசைப்படாமல் வைத்தார்.

“நீங்க சத்தத்தைக் கூட்டக் கூட்ட, பேண்டுல அவருக்கு நாள் குறையுதும்மா.”

விசில்

திட்டுவதற்கென்றே சூசையை வரச் சொன்னேன். வந்தார், உட்கார்ந்தார், வாசித்தார். புதிதாக வைத்த வால்வில் ஏதோ பிசகி, பெட்டி விசில் அடிக்கத் தொடங்கியது. மெல்லிய, கூர்மையான விசில். பல்லின் வேரில் போய் நிற்பது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். பெங்காலி அம்மாள் ஜன்னலைப் படாரென்று சாத்தினார். படியில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. சூசை வாசித்துக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

நான் உடனே அணைக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு வருஷம் டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்ற காது. இத்தனை வாரமாகப் பெட்டியைக் குடைந்தவள், அதன் முன்னால் உட்கார்ந்திருந்த மனிதரை ஒருமுறையும் சோதிக்கவில்லை. காணாது, காணாது என்றவர் ஒரே ஒருமுறை கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். நான் அவரைத் திட்டியதில் பாதி அவரிடம் போய்ச் சேரவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. என்னைப் பொறுமைசாலி என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்த ஒரே மனிதர் அவர், காரணம் கிடைத்துவிட்டது.

ஸ்விட்சை அணைத்தேன். என் கையைப் பார்த்தார். காதிலிருந்து இன்னும் இறங்காத என் மற்றக் கையைப் பார்த்தார். கித்தாரை மடியில் சாய்த்தார்.

“பீட்டர்கிட்ட சொல்லிராதீங்க மைனி. டான்ஸ் மட்டும் முடியட்டும்.”

டான்ஸ்

சொல்லவில்லை. புதிதாக வைத்த வால்வைக் கழற்றிப் பெட்டியை ஹாலுக்கு அளவாக்கினேன். சூசைக்கென்று தனியாகச் சின்ன ஸ்பீக்கர் ஒன்றைப் பலகைப்பெட்டியில் பொருத்தி, வயர் இழுத்து, அவர் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினேன். காதில் ஏறாவிட்டால் எலும்பிலாவது ஏறட்டும்.

கிறிஸ்துமஸ் சாயங்காலம் கிளப் ஹாலில் யாரும் காதைப் பொத்தவில்லை. சூசை பீட்டரின் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்காமல் தொடங்கினார், நிறுத்தினார், மறுபடி தொடங்கினார். இடைவேளையில் பீட்டர் மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். “இப்பத்தாம்மா பழைய சூசை. வர்ற வருஷமும் இவரேதான்,” என்றார். நான் பதிலுக்கு ஏதோ சமாளித்தேன்.

அதற்கப்புறம் மெதுவான பாட்டு ஒன்று. பாதியில் சூசை கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்தது. அக்கார்டியன் நின்றது, டிரம் நின்றது, ஜோடிகள் கைதட்டிவிட்டுப் பிரிந்தார்கள். கித்தார் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போனது. முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. பீட்டர் சூசையைப் பார்த்தார். திரும்பி, கூட்டத்துக்கு நடுவில் என்னைத் தேடிப் பார்த்தார். என் முகத்தை அவர் படித்துவிட்டார் என்பது அவர் அக்கார்டியனை மெல்ல மூடியதிலேயே தெரிந்தது.

சத்தத்தைப் பெருக்குவதே தொழிலாக வைத்திருந்தவளுக்கு அந்த நேரத்தில் கைவசம் இருந்தது சொந்தத் தொண்டை ஒன்றுதான்: “தம்பி, கண்ணைத் திறந்து பீட்டரைப் பாருங்க.”