நான் வெட்டிய தசம இடங்கள்

ஆராய்ச்சிக்குச் சேருவதற்கு முன்பு ஆறு வருடம் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். தோலின் தடிமனை அளந்து எழுதுவது என் வேலை. ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். புதிதாக வந்த ஒருத்தி கருவியில் தெரிந்தபடியே 1.237 என்று எழுதிவிட்டு ஒரு வாரம் கிண்டல் வாங்கினாள். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே மாறிவிடுகிற எண்ணுக்கு எதற்கு இத்தனை வால் என்பது எங்கள் பிரிவின் நியாயம். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த நியாயம்தான் பிறகு என் ஐந்து வருடத்தைத் தின்றது.

வாணியம்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்து மூன்று வயது. தலைப்பு நானே கொண்டுபோனது. ஆவாரம் பட்டையில் இருக்கும், தோலைப் பதப்படுத்துகிற டானின் மூலக்கூறு தோலின் புரதத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது, வெளிநாட்டிலிருந்து வரும் வாட்டில் பட்டையைவிட ஜாஸ்தியா கம்மியா? தொட்டி, தண்ணீர் எதுவும் இல்லாமல் இதைக் கணினிக்குள்ளேயே செய்து பார்க்கலாம். புரதத்தையும் டானினையும் அணு அணுவாக உள்ளே வைத்துவிட்டால், ஒவ்வொன்றும் எப்படி நகரும் என்று அது கணக்குப் போடும். அவ்வப்போது எந்த அணு எங்கே நிற்கிறது என்று ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும்.

அந்த இடத்தை எத்தனை தசமம் வரை எழுதுவது என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மென்பொருள் மூன்று எழுதும். ஒரு இலக்கம்கூட விடாமல் எழுதுகிற தனிக் கோப்பும் உண்டு, ஆனால் அது டிஸ்கை விழுங்கிவிடும். எங்கள் துறையில் இருந்தது ஒரே கணினி, அதிலும் பாதி யார் யாரோ விட்டுப்போன குப்பை. நான் முழுக் கோப்பை நிறுத்தினேன். மூன்றை இரண்டாக்கினேன். அணு எப்படியும் ஆடிக்கொண்டே இருக்கிற பொருள். மூன்றாவது இடத்தில் என்ன உண்மை கொட்டிக் கிடக்கப்போகிறது? யாரையும் கேட்கவில்லை. பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

கரண்ட் போனபோதெல்லாம் நின்று நின்று, பதினோரு மாதத்தில் கணக்கு ஓடி முடிந்தது. என் கணவருக்குத் தோல் பதனிடும் இடத்தில் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் வேலை. ஐந்து வருடமும் அங்கிருந்து வந்து வீட்டில் சமைத்தது அவர்தான். எது புரதத்தோடு அதிக நேரம் ஒட்டியிருந்தது என்பதை மட்டும் வைத்து, ஆவாரம்தான் இறுக்கிப் பிடிக்கிறது என்று எழுதி ஆய்வேட்டைக் கொடுத்தேன். கணினியில் இருந்ததையெல்லாம் அழித்து அதை ஆன்லைன் தேர்வு அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கோப்புகள் என்னிடம் இருந்ததால் நான் கவலைப்படவில்லை.

ஆய்வேட்டைப் படித்த தேர்வாளரின் கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. இரண்டு டானின்களுக்கும் புரதத்துக்கும் இடையிலான ஆற்றலைக் கோப்புகளிலிருந்து மறுபடி கணக்கிட்டு இணைக்க வேண்டும், முடிவு அதைப் பொறுத்தது, மூன்று மாத அவகாசம். அரை நாள் வேலை என்று நினைத்தேன்.

வந்த எண்கள் பைத்தியம் பிடித்தவை. ஒரு வரியில் இழுக்கிறது, அடுத்த வரியில் மலையளவு தள்ளுகிறது. முதலில் மென்பொருளைத் திட்டினேன். பிறகு கோப்புகளை நகலெடுத்துக் கொடுத்த ஜூனியர் பெண்ணைத் திட்டினேன். அவள் அழுதே விட்டாள். கடைசியில் ஒரு சின்ன மூலக்கூறை மடிக்கணினியில் ஓட்டி, முழு இலக்கங்களோடு ஆற்றலைப் பார்த்தேன். சரியாக வந்தது. அதையே இரண்டு தசமத்துக்கு வெட்டிவிட்டுப் பார்த்தேன். அதே பைத்தியம். அணுக்கள் நெருங்கி நிற்கும்போது தூரம் இம்மி பிசகினாலும் ஆற்றல் எங்கேயோ போய்விடும். முதல் வருடப் பாடம் அது, பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஜூனியரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லைக்கா என்றாள்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெற இருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நானும் பாத்திருக்கணும்மா, மூணுதான் இருக்கும்னு நெனச்சிட்டேன்" என்றார். மறுபடி ஓட்டக் கணினி இல்லை, காலமும் இல்லை. நீட்டிப்பு ஏற்கெனவே ஒருமுறை வாங்கியாகிவிட்டது. அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் முன்னுரையும் நன்றியுரையும்தான்.

ஒன்று மட்டும் முழுதாகக் கிடைத்தது. ஓட்டம் முடியும்போது கடைசி நிலையை மட்டும் மென்பொருள் எல்லா இலக்கங்களோடும் தனியே எழுதிவைக்கும். அதை எடுத்துக் கணக்கிட்டேன். ஆவாரம் ஜெயித்தது, நல்ல வித்தியாசத்தில். லட்சம் நிலைகளில் ஒரே ஒரு நிலை, எதற்கும் சாட்சியாகாது. ஆனாலும் அன்று முழுக்க அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசை விடவில்லை.

ஆய்வேட்டைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னா, நீ எழுதுனது தப்புன்னு ஆயிடுச்சா?"

"தப்புன்னு சொல்ல முடியாது."

"அப்ப ரைட்டா?"

"அதையும் சொல்ல முடியாது. பதில் அந்தக் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. நான்தான் அத எழுத விடல."

"தப்புன்னு வந்திருந்தா பேஜார் இல்ல, விட்டுட்டு வந்துடலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து அரிசி களையப் போனார்.

மறுநாள் கல்லூரி அலுவலகத்தில் விலகல் படிவம் கொடுத்தார்கள். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றேன். இரண்டு தசமம் என்று எழுதினால் யாருக்குப் புரியும்? கிளார்க் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குடும்பச் சூழ்நிலைன்னு போட்டுடட்டா மேடம்? லேடீஸ் எல்லாரும் அதான் போடுவாங்க" என்றார்.

தலையாட்டினேன். அவரே எழுதினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன். எனக்கு ஐந்து வருடம் சமைத்துப் போட்ட மனிதர்தான் இப்போது பதிவேட்டில் என் காரணம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.