குச்சிக்காதுக்காரியின் பாடு

எனக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. கோபம் வந்தாலும் அப்படித்தான். இந்த லட்சணத்தில் நீ டீச்சர் வேலைக்குப் போய் என்ன கிழிக்கப் போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். போனேன். திருப்பாலைவனத்தில் நெல் வயலைப் பார்த்து வளர்ந்த நான், பழவேற்காட்டு ஏரிக்கரையில், தோணிரேவுக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில், பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோன பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். அந்த வருஷம் முழுக்கச் சிரித்துச் சிரித்தே வயிறு வலித்தது.

குப்பத்துப் பெண்கள் கூடிப் பேசித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் அம்மாவோடு இறால் பிடிக்க ஏரியில் இறங்கிவிடும். நாலு நாள் மட்டம் போட்ட பிறகு பள்ளிக்குப் போனால் திட்டு விழும். திட்டு விழுந்தால் நின்றுவிடும். படகு கரைக்கு வந்த பிறகு தொடங்குகிற வகுப்பு ஒன்று ஊரிலேயே இருந்தால் பிள்ளைகள் வருவார்கள் என்று அந்தப் பெண்களுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குச் சாப்பாடு தினம் ஒரு வீட்டில். எந்த வீட்டுக்குப் போனாலும் இறால்தான். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

முதலில் இடம் கிடையாது. பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போய் மதில் நிழலில் உட்கார வைத்தேன். வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டின் விலா எலும்பை எண்ணச் சொன்னால், எண்ணிவிட்டுத் தங்கள் சட்டையைத் தூக்கி அதையும் எண்ணினார்கள். இது தெரிந்ததும் ஊர்த் தலைவர், பிள்ளைகளைச் செத்தவர்கள் நடுவில் உட்கார வைப்பதாவது என்று, வலைகளைப் போட்டு வைக்கும் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

"மழ வர்ற வரிக்கும்தான், டீச்சரு. அப்ப வந்து ஒரு கேள்வி கேப்பேன். பதில் வந்தா கொட்டாய் உங்களுது. வரலன்னா வல உள்ள வரும், நீங்க வெளிய."

கேள்வி ஒன்றுதானே என்று நான் துள்ளிக் குதித்தேன். பிரச்சினை வேறு பக்கமிருந்து வந்தது. எதைக் கேட்டாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். கரையில் ஏலம் போடுகிற சத்தம் இதைவிடக் குறைவு. அந்தச் சத்தத்தில் வாயே திறக்காமல் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். கம்மலுக்குப் பதில் காதில் விளக்குமாற்றுக் குச்சியைச் செருகியிருப்பாள். குச்சிக்காது என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். அவளுக்குப் பதில் தெரியும் என்பது எனக்குத் தெரியும். கேள்வி முடிந்ததும் அவள் கால் விரல் மண்ணில் விடையை எழுதிவிடும்.

அப்போதுதான் எனக்குப் பாடு ஞாபகம் வந்தது. ஏரியில் மீன் படுகிற இடங்கள் எவருக்கும் தனிச் சொத்து கிடையாது. ஊரிலுள்ள தலைக்கட்டுகள், அதாவது குடும்பங்கள், கூடிச் சீட்டுக் குலுக்கி, இந்த நாளில் இந்த இடம் இந்த வீட்டுக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. அடுத்தவர் பாட்டில் வலை போட்டவனுக்கு ஊரில் மரியாதை கிடையாது, அபராதம் உண்டு. பாட்டுக்காரர் வராவிட்டாலும் அந்த இடத்தை யாரும் தொடுவதில்லை. அவராகப் பார்த்து இன்னொருவருக்குக் கொடுத்தால்தான் உண்டு.

நானும் சீட்டுக் குலுக்கினேன். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை. அன்றைய கேள்வியெல்லாம் அந்தப் பிள்ளையுடையது, மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. கொட்டகை அப்படியே அடங்கியது. குச்சிக்காதின் நாளில் அவள் குரலை முதல்முதலாகக் கேட்டேன். எவ்வளவு பெரிய குரல்! காகங்கள் எழுந்து பறந்தன.

பிள்ளைகள் அதோடு விடுவார்களா? பானையில் முதல் தண்ணீர் குடிக்க ஒரு பாடு, கரும்பலகை துடைக்க ஒரு பாடு, என்னிடம் திட்டு வாங்கவும் ஒரு பாடு. யார் தப்பு செய்தாலும் அன்றைக்குத் திட்டுப்பாடு யாருடையதோ அந்தப் பிள்ளை எழுந்து கைகட்டி நிற்கும். நான் எப்படிக் கோபப்படுவது?

இப்படி இருக்கும்போது முதல் மழை விழுந்தது. தலைவர் நாலைந்து பெரியவர்களோடு வாசலில் வந்து நின்றார்.

"ஒரு நண்டு ரெண்டு நண்டு இல்ல, ஏழு நண்டு. மொத்தம் எத்தினி காலு?"

எனக்கு உயிர் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு இது தண்ணி பட்ட பாடு. பெருமையாகத் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைவர் மறுபடி கேட்டார். பிள்ளைகள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர் கூரையை அண்ணாந்து பார்த்து, வலையை எங்கே தொங்கவிடலாம் என்று அப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

"சொல்லித் தொலைங்களேன்டா!" என்று கத்தினேன்.

முன்னால் இருந்த வாண்டு ஒன்று எழுந்து கைகட்டியது. அன்றைய திட்டுப்பாடு அதனுடையது. "டீச்சரக்கா, இன்னிக்கு பாடு குச்சிக்காதோடது. அவ இல்ல. அவங்கம்மா இறாலுக்கு இட்டுனு பூட்டாங்க. யாருக்கும் குடுத்துட்டும் போவல."

"தெரிஞ்சவங்க சொல்லுங்கடா," என்றார் தலைவர்.

"அடுத்தவங்க பாட்டுல எப்டி தாத்தா வல போட்றது?" என்று வாண்டு கேட்டது.

ஊர்க் கூட்டத்தில் இதே வார்த்தையை எத்தனை பேரிடம் தலைவர் சொல்லியிருப்பார்! கூட வந்தவர்களைப் பார்த்தார். "சரி, படக எடுங்க," என்றார்.

தலைவர், பெரியவர்கள், நான், பிள்ளைகளில் இடம் கிடைத்தவர்கள் எல்லாரும் ஒரே படகில் ஏறினோம். இடம் கிடைக்காதவர்கள் ஆழமில்லாத தண்ணீரில் கூடவே ஓடி வந்தார்கள். கம்பு ஊன்றித் தள்ளுகிறவர் எங்கள் பாரத்தைப் பார்த்து அழாத குறை. தூரத்தில் குச்சிக்காதும் அவள் அம்மாவும் மார்பு நனையத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால், இறால் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தார்கள்.

"ஏழு நண்டுக்கு எத்தினி காலும்மா?" என்று தலைவர் படகிலிருந்து கேட்டார்.

"ம்ம்ம்," என்றாள் குச்சிக்காது. பறியை விட்டால் இறால் போய்விடும். இனி வகுப்பே வேண்டாம், கூட வா என்று அன்று காலையில் மகளை இழுத்துவந்த அந்த அம்மாவுக்கு, ஊரே படகில் வந்து நிற்பதைப் பார்த்துக் கண் பிதுங்கியது. என்ன நினைத்தாளோ, மகளின் பறியையும் வாங்கித் தன் பல்லிலேயே கடித்துக்கொண்டாள். இப்போது மகளுக்கு வாய் கிடைத்தது, தாய்க்கு வாய் போயிற்று.

"கொடுக்கையும் சேத்தா, சேக்காமலா?" என்று குச்சிக்காது கத்தினாள்.

படகில் கலவரம் வெடித்தது. கொடுக்கும் கால்தான் என்றார் ஒரு பெரியவர். அது கை என்றார் இன்னொருவர். நண்டுக்கு ஏதுய்யா கை என்று மூன்றாமவர் எழுந்து நிற்க, படகு ஒருபக்கம் சாய, நான் புடவையோடு ஏரிக்குள் போனேன். எழுந்து நின்றால் இடுப்பளவுதான். வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பக்கூட முடியாமல் சிரித்தேன்.

"சேத்தா எழுவது! உட்டா அம்பத்தாறு! காலு ஒடையாத நண்டா இருந்தா!" என்றாள் அவள்.

தலைவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு, "வல நனைஞ்சா காயும். கொட்டாய் அவங்களுக்கே இருக்கட்டும்," என்றார். அதோடு நிறுத்தவில்லை. "பாட்ட நம்மளவிட கெட்டியா காக்குதுங்க. பள்ளிக்கூடத்தையும் ஒரு தலைக்கட்டா சேத்துக்க வேண்டியதுதான்."

அழுதேன். ஏற்கனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

தலைக்கட்டு ஆகிவிட்டால் ஏரியில் ஒரு பாடு உண்டு. அடுத்த சீட்டுக் குலுக்கலுக்குப் போனோம். வேட்டி கட்டியவர்கள் மட்டும் உட்காரும் இடம் அது. நானும் பெண்களும் தள்ளி நின்றோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருவர் எழுந்து குடத்துக்குள் கைவிட்டுச் சீட்டு எடுத்தார்கள். கடைசியில், "பள்ளிக்கூடத்துக்கு யாரு எடுக்கறது?" என்று தலைவர் கேட்டார்.

பிள்ளைகள் மொத்தப் பேரும் கத்தினார்கள். "இன்னிக்கு குச்சிக்காது பாடு!"

ஒரு பெண் எப்படி எடுக்கலாம் என்று யாரோ முனகினார். தலைவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பாடு பாடுதானே. குச்சிக்காது எழுந்து போய்க் குடத்தின் முன்னால் தயங்கி நின்றாள். அவள் அம்மா எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். இன்றைக்கு அவள் பல்லில் பறி இல்லை, எதை வேண்டுமானாலும் சொல்லலாம். எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னாடி பாத்துனு நிக்கற?" என்று அவள் அம்மா கத்தினாள். "இறால் தடவுவல்ல, அப்டி கைய நல்லா உள்ள உட்டு எட்றீ!"