பெரியப்பா அழித்த பாட்டு

எனக்குப் பிடித்த பாட்டில் பாட்டே கிடையாது. ஒருவன் கத்துகிறான், இன்னொருவன் டிரம்மைப் போட்டு மொத்துகிறான், கிட்டார் வாசிப்பவனுக்கு அந்த இரண்டு பேர் மேலும் கோபம். மூன்று நிமிடம்கூட ஓடாது. ஐம்பதைத் தாண்டியும் சமைக்கும்போது அதைத்தான் போட்டுக் கேட்கிறேன். “என்னம்மா இரைச்சல் இது?” என்று மகள் காதைப் பொத்திக்கொள்கிறாள். பொத்தட்டும். அந்த இரைச்சலுக்காக நான் ஒரு மனிதரைப் பழிவாங்கியிருக்கிறேன்.

அந்த மனிதர் என் பெரியப்பா. ஒரு கப்பல் கம்பெனியில் பெரிய கிராணி, அதாவது தலைமை குமாஸ்தா. மற்ற கிராணிமார்கள் எல்லாம் அவருக்குக் கீழே. என் அப்பாவும் அம்மாவும் கடலுக்கு அக்கரையில், தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தார்கள். நான் பள்ளிக்காகத் தீவில், ஜார்ஜ்டவுனில் பெரியப்பா வீட்டில் வளர்ந்தேன். சோறு போட்டார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு கவளத்தையும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் விழுங்க வேண்டும். சிரித்தால் “என்னா இளிப்பு?” அழுதால் “இங்க யாரு செத்துட்டா?” கோபப்பட அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் உரிமை.

அவருடைய ஒரே மகன், என் அண்ணன், லாயருக்குப் படிக்க லண்டன் போயிருந்தான். அது எழுபதுகளின் கடைசி. எங்கள் வீட்டில் போன் கிடையாது. கேசட்டில் பேசிப் பதிந்து தபாலில் அனுப்பிக்கொள்வோம். எனக்குப் பதினொரு வயது நிறைந்தபோது அண்ணன் எனக்கென்றே ஒரு கேசட் அனுப்பினான். “பாப்பா, இங்க பசங்க முடிய முள்ளு மாதிரி நட்டு வெச்சுக்கிட்டு இதத்தான் கேக்குறாங்க. பங்க்னு பேரு. கேட்டுப் பாரு லா” என்று சொல்லிவிட்டு, ரேடியோவிலிருந்து பிடித்த அந்தப் பாட்டைப் போட்டிருந்தான்.

ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. கோபம் மட்டும் நன்றாக விளங்கியது. அடேயப்பா, ஒருவன் இவ்வளவு கோபத்தை வெளியே காட்டலாமா! காட்டினால் அதை ரேடியோவில் வேறு போடுவார்களா! பள்ளி விட்டு வந்ததும், பெரியப்பா ஐந்து மணிக்கு வீடு திரும்புவதற்குள் நாலைந்து முறை கேட்டுவிடுவேன். பெரியம்மா மீன் கழுவிக்கொண்டே “மெதுவா வை பாப்பா” என்பார். நிறுத்து என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவுடன் பாசாருக்குப் போய் மீன் வாங்கித் திரும்பினால், பெரியப்பா மேசையில் என் கேசட்டோடு உட்கார்ந்திருக்கிறார். கேசட்டின் மேல் ஓரத்தில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும்; அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. என் பாட்டு அழிந்துவிடக் கூடாதென்று அண்ணன் உடைத்துத்தான் அனுப்பியிருந்தான். பெரியப்பா அந்த ஓட்டைகளின் மேல் செலோடேப் ஒட்டியிருந்தார். கத்தரியால் நேராக வெட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல். கிராணி அல்லவா!

“பெரியப்பா, அது என் பாட்டு.”

“அதெல்லாம் ஒரு பாட்டா? பேய் புடிச்சவன் மாதிரி கத்துறான். கேசட்டாவது உருப்படியா ஒன்னுக்கு ஆகட்டும்.”

பதியும் பட்டனை அழுத்தி மகனோடு பேச ஆரம்பித்துவிட்டார். ஆபீஸ் பெருமை, ஊர்ச் செய்தி, புத்திமதி. என் பாட்டு இருந்த இடத்தில் அவர் குரல் ஏறிக்கொண்டிருந்தது. நாசமாய்ப் போக என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் சொன்னார்: “அந்த ஜெலுத்தோங் பொண்ணு கல்யாணம் கட்டிக்கிட்டுப் போயிருச்சாம். நீ படிப்பப் பாரு.”

அண்டப்புளுகு! அவள் ஜெலுத்தோங்கில் குடியிருந்த சீனப் பெண். பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் வேலை. அண்ணனுக்கு அவள்மேல் உயிர், அவளுக்கும் அப்படித்தான். அவள் வீட்டுக்கு எழுதினால் அவளுடைய அப்பா கையில் சிக்கும் என்று, அவளுக்கான கடிதங்களைப் பெரியம்மா பேருக்கு வரும் உறைக்குள் வைத்து அனுப்பினான். அவன் போன பிறகு பெரியம்மாவின் தபாலையும் பெரியப்பாதான் பிரித்தார். கடிதங்களைப் பின்வாசலில் குப்பையோடு கொளுத்தினார். அவள் பேக்டரி உடுப்போடு மூன்று முறை வாசல் கேட்டுக்கு வந்து நின்றாள். மகனுக்குப் பெண் நிச்சயமாகிவிட்டது, இனி வராதே என்று மலாயில் சொல்லி அனுப்பினார். மூன்றாவது முறை அவள் அழுதுகொண்டு போனதை நான் பார்த்தேன்.

கேசட்டின் முதல் பக்கம் எப்போதும் அவருக்கு, மறுபக்கம் எனக்கும் பெரியம்மாவுக்கும். நாங்கள் பேசியதை அவர் ஒருநாளும் போட்டுக் கேட்டதில்லை. “பொம்பளைங்க என்னா பேசப்போறீங்க, சோறு கொழம்புதானே” என்பார். அன்றும் கேசட்டைத் திருப்பி வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நான் பட்டனை அழுத்தினேன்.

“அண்ணே, அவங்க கல்யாணம் கட்டல. பெரியப்பா பொய் சொல்றாரு” என்று தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னேன். கடிதங்களைக் கொளுத்தியது, கேட்டில் சொன்னது, என் பாட்டை அழித்தது, எல்லாம். நிமிர்ந்தால் வாசற்படியில் பெரியம்மா. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ! அவசரமாக நிறுத்தப் போனேன். பெரியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நிறுத்தாத. சத்தமா சொல்லு. நானும் எல்லாத்தையும் பாத்துக்கிட்டு வாய மூடிக்கிட்டுதான் இருந்தேன், அதயும் அண்ணன்கிட்ட சொல்லு.”

சொன்னேன். மறுநாள் பெரியப்பா தன் கையாலேயே உறைமேல் முகவரி எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, தபாலில் போட்டுவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதில் கேசட் வந்தது. லண்டன் மகனின் பேச்சைக் கேட்கச் சொல்லிப் பெரியப்பா ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரை வீட்டுக்கு அழைத்தார். பெரியம்மா வடை சுட்டார். பெரியப்பா கேசட்டைப் போட்டார்.

என் பாட்டு! கத்தலும் மொத்தலுமாக வீடு அதிர்ந்தது. முடிந்தது. “இப்ப பேசுவான்” என்று முன்னால் குனிந்தார். மறுபடியும் அதே பாட்டு. மூன்றாவது முறை. நான்காவது முறை. ஒவ்வொரு முறை முடியும்போதும் குனிந்து காதைக் கொடுத்தார், ஒவ்வொரு முறையும் பாட்டுக்காரன் கத்தினான். நண்பர்கள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கம் முடியும்வரை அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. நன்றாக வேண்டும் என்று இருந்தது எனக்கு. அப்படி ஒரு சந்தோஷம்.

நண்பர்கள் ஏதோ சாக்குச் சொல்லிப் புறப்பட்டார்கள். அவர்களை வழியனுப்பப் பெரியப்பா வெளியே போனதும், பெரியம்மா ரெக்கார்டரைச் சமையலறைக்குத் தூக்கிவந்து கதவைச் சாத்தி, மறுபக்கத்தைப் போட்டார். அண்ணன் மெதுவாகப் பேசினான். அவளுக்குப் பேக்டரி முகவரிக்கு எழுதிவிட்டானாம். பதில் வந்துவிட்டதாம். படிப்பு முடிந்ததும் பதிவுக் கல்யாணமாம். பெரியம்மா அழுதார். கடைசியில், “அப்பாவுக்குப் பிரெஷர் இருக்கு, உப்பக் கொறைச்சுக்கச் சொல்லுங்கம்மா. எனக்குக் கோவம் ஆறுனதும் அவருக்கு எழுதுறேன்னு சொல்லுங்க” என்றான்.

அந்த நேரம் கதவு தட்டப்பட்டது. தன் வீட்டில் எந்தக் கதவையும் தட்டியறியாத மனிதர்.

“என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?”

பெரியம்மா வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

“இல்ல பெரியப்பா. ஒங்களப் பத்தி ஒன்னுமே சொல்லல.”

பெரியம்மா என்னைப் பார்த்தார். திருத்தவில்லை. கதவுக்கு அப்பால் பெரியப்பா திரும்பி நடந்து போவது கேட்டது. அந்தப் பொய்க்காக நான் இதுவரை வருந்தியதில்லை. கேசட்டை என் பாட்டுப் பக்கம் திருப்பிப் போட்டு, அவருக்குக் கேட்கட்டும் என்று சத்தத்தை முழுசாகக் கூட்டினேன்.