அன்னாளின் இடது கண்

சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலிருந்து கண் டாக்டருக்குப் படிக்கப் போன முதல் பெண் நிமி. ஊரார் பெருமையாகச் சொல்லித் திரிவார்கள். ஏன் போனாள் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மறைத்திருக்க மாட்டாள். ஒரு மனுஷனைப் பழிவாங்கப் போனாள், அவ்வளவுதான். சேவை, லட்சியம் என்று மேடையில் அளப்பார்களே, அந்தப் பேச்செல்லாம் அவளிடம் எடுபடாது.

அந்த மனுஷன் டாக்டர் ஜின்சன், மலையாளி. பதினேழு வருஷத்துக்கு முன்னால் எஸ்டேட்டில் இலவசக் கண் முகாம் போட்டு, கொழுந்து பறிக்கும் இருபத்திரண்டு பேரை ஜீப்பில் தன் ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போய், ஒரே நாளில் புரை எடுத்தவர். அதில் நிமியின் அம்மா அன்னாளும் ஒருத்தி. இரண்டாம் நாள், கண் குத்துகிறது என்று அழுதவளின் கையில் சொட்டு மருந்தைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வா என்று ஜீப்பேற்றி விட்டார். ஒரு வாரம் கழித்துப் போனபோது இடது கண் அவிந்து போயிருந்தது.

"மருந்து ஆரு விட்டது?" என்று கேட்டார் ஜின்சன். அம்மா, பக்கத்தில் நின்ற பதினோரு வயசு நிமியைக் காட்டினாள். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாயிற்று. பிள்ளை கையைக் கழுவாமல் விட்டிருக்கிறது, போதாததற்குப் பச்சிலையும் பிழிந்திருக்கிறார்கள் என்று சொல்லி, கெட்ட கண்ணை ஒரு படமும் பிடித்துக்கொண்டு அனுப்பிவிட்டார். லயம் முழுக்க அதே பேச்சு. "பெத்தவ கண்ணக் கெடுத்த புள்ள இதுதான்" என்று பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் குழாயடியில் முகத்துக்கு நேரே சொன்னாள். அன்னாள் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூட அந்தப் பிள்ளைக்கு ஆறியிருக்கும்.

ஜீப்பேற்றும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு ரேஷன் கார்டு உறைக்குள் கிடந்தது. கிறுக்கல் இங்கிலீஷ், லயத்தில் யாருக்கும் வாசிக்க வராது. மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது லீவுக்கு வந்தவள், எதற்கோ உறையைத் திறந்தாள், வாசித்துவிட்டாள். ஜீப்பேற்றிய நாளின் தேதி. 'வலி. கண்ணுக்குள் சீழ். வீட்டுக்கு அனுப்பலாம்.' கீழே ஜின்சன் கையெழுத்து. அவள் ஒரு சொட்டு மருந்து விடும் முன்பே, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே சீழ் வைத்திருக்கிறது. அது தெரிந்தே அனுப்பியிருக்கிறான், பாவி. கண் மருத்துவம்தான் மேலே படிப்பது என்று அன்றைக்கே முடிவு கட்டினாள்.

இப்போது மேற்படிப்பில் கடைசி வருஷம். பாலக்காட்டில் ஒரு ஹோட்டலில் கண் மருத்துவ மாநாடு. ஜின்சன் பேசுகிறார் என்று நோட்டீஸில் பார்த்ததுமே பெயர் கொடுத்துவிட்டாள். மார்ச் மாதம் அவளுடைய செய்முறைப் பரீட்சையில் நோயாளியை முன்னால் வைத்துக் கேள்வி கேட்டு மார்க் போட வெளியிலிருந்து வரப்போகிறவரும் அவரேதான். "வாயத் தொறந்தேன்னா மூணு வருஷப் படிப்பு போச்சு, பாத்துக்க" என்று கூடப் படிக்கும் சதீஷ் பஸ்ஸிலேயே எச்சரித்தான். அவன் சொன்னது நியாயம்தான். அதைக் கேட்கிற நிலையில் அவள் இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளிகள் கண்ணைக் கெடுத்துக்கொள்வது எப்படி என்பதுதான் ஜின்சன் பேச்சு. ஐந்தாவது படம் திரையில் விழுந்தது. சுவர் அகலத்துக்கு ஒரு வெந்த கண். கீழ் இமையோரத்தில் மிளகு அளவு மச்சம். அம்மாவின் கண். லயத்து வீடுகளில் சொட்டு மருந்தும் மண்ணெண்ணெயும் ஒரே அலமாரியில்தான் இருக்கும், சின்னப் பெண் எதை விட்டாளோ என்றார் ஜின்சன். அரங்கம் சிரித்தது. சிரிக்கட்டும், சிரிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

கேள்வி நேரத்தில் மைக்கை வாங்கினாள். குரல் பிசகவில்லை.

"சார், ஒரு சந்தேகம். புரை எடுத்த ரெண்டாம் நாள் வலி. கண்ணுக்குள்ள சீழ். டாக்டர் அதப் பாத்து, கைப்பட எழுதியும் வச்சிட்டு, சொட்டு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டார். கண்ணு போச்சு. இதுல தப்பு நோயாளி மேலயா சார்?"

ஜின்சன் யோசிக்கவே இல்லை. "என்ன கேள்வி இது? சீழ் கண்டா அந்த நிமிஷமே கண்ணுக்குள்ள ஊசி போடணும். எழுதி வச்சிட்டு அனுப்பினவன் டாக்டரே இல்ல. அவன் கையில கத்தி கொடுக்கக் கூடாது."

"எழுதிக்கிடுங்க சார், நீங்க சொன்னத. அந்தக் கண்ணுதான் உங்க அஞ்சாவது படம். சூரியநெல்லி அன்னாள். மருந்து விட்ட சின்னப் பொண்ணு நான். சீட்டு இதோ இருக்கு, கையெழுத்து உங்களோடது."

கூட்டத்துக்குத் தலைமை வகித்த பெண் டாக்டர் கையை நீட்டிச் சீட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். பிறகு ஜின்சனைப் பார்த்து, நீங்களே கீழே இறங்கிவிடுங்கள் டாக்டர் என்றார். பதினேழு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் நிமிக்கு அப்போதுதான் நகர்ந்தது. ஆனால் பசி தீரவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு இன்னும் வேண்டியிருந்தது.

மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் ஜின்சன் அவள் பின்னால் வந்து நின்றார்.

"மோளே, மார்ச்சில உனக்குப் பரீட்சை. ஆரு வருவான்னு அறியுமில்லே?"

நிமி தட்டைக் கையில் பிடித்தபடியே திரும்பினாள்.

"அறியும் சார். கண்டிப்பா வாங்க. பரீட்சைக்கு உக்கார வைக்க நோயாளி கெடைக்காம வருஷா வருஷம் அலைவோம். இந்தத் தடவ அந்தக் கஷ்டம் இல்ல, எங்கம்மாவக் கூட்டிட்டு வாறேன். இந்தக் கண்ணு எப்படிப் போச்சுன்னு நீங்க என்கிட்ட கேளுங்க. நான் பதில் சொல்லுதேன், அம்மா காதாரக் கேக்கட்டும்."