அரைஞாண்கொடியும் ஸ்கேன் படமும்

என் வீட்டுக்காரருக்கு இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஏதோ ஒரு கணக்கு கூடுதலாக வந்திருந்தது. பெரம்பலூர் டாக்டர் அவரைப் படுக்க வைத்துச் சோதித்துவிட்டு, "புராஸ்டேட் ஒரு பக்கம் கெட்டியா இருக்கு, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துடுங்க" என்றார். ஆண்பிள்ளைகள் சமாச்சாரம் என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் என்னையும் கூப்பிட்டுச் சொன்னார்.

"மூத்திரப்பைக்குக் கீழ இருக்குற சுரப்பிம்மா அது. கேன்சரான்னு சந்தேகமா இருக்கு. அப்படியே இருந்தாலும் சுரப்பிக்குள்ளயே அடங்கி இருந்தா முழுசா குணப்படுத்தப் பாக்கலாம். வெளிய போயி எலும்புல ஒக்காந்துட்டா வைத்தியமே வேற."

அவருக்கு மாசக்கணக்கில் முதுகுவலி. மக்காச்சோள மூட்டை தூக்கியதால் வந்தது என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம். எலும்பு என்று டாக்டர் சொன்னதும் எனக்கு அந்த வலிதான் நினைவுக்கு வந்தது. உள்ளே இருக்கிறதா, வெளியே போய்விட்டதா? ஸ்கேன் அன்றைக்கு எங்கள் ஊர் விக்கிரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி, அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, பெரம்பலூர் ஸ்கேன் சென்டர் வந்து சேரும் வரைக்கும் அதே நினைப்புதான். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கத்தி வைக்காமலே உடம்புக்குள் இருப்பதைப் படமாகப் பார்த்துவிடலாம் என்பதை நினைக்க நினைக்க எனக்குப் பரபரப்பாக இருந்தது. திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி விடியலிலேயே கிளம்பிவிட்டேன்.

ஸ்கேன் எடுக்கும் பெண் அவருக்கு ஒரு நீல அங்கியைக் கொடுத்து, மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் வாங்கி என் கையில் கொடுத்தாள்.

"தாத்தா, இடுப்புல ஏதும் இருக்கா?"

"அரணாக்கொடி இருக்கு. வெள்ளி."

"அதையும் கழட்டிருங்க."

"அது கழட்டுற பொருள் இல்லம்மா."

"பாட்டிதான் நிக்கிறாங்கள்ல, பத்திரமா வச்சிருப்பாங்க."

"வெள்ளி போயிரும்னா சொல்றேன்? ஆம்பள இடுப்புலேருந்து அத எப்ப அறுப்பாங்கன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

செத்த பிறகுதான் அறுப்பார்கள் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தெரியும் தாத்தா. எங்க அப்பாவும் கட்டியிருக்காரு. ஆனா உள்ள பெரிய காந்தம் இருக்கு. அதோட போனா சூடாகும், படமும் கலங்கிடும். எதுக்காக வந்தீங்களோ அந்த எடமே தெரியாது."

"அப்ப வேணாம். வா, போவலாம்" என்று அவர் வேட்டியைத் தேடினார்.

அடுத்து உள்ளே போகக் காத்திருந்த லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர், "பெரியவரே, ஒண்ணு நீங்க போங்க, இல்ல என்னைய விடுங்க. நான் காலையிலேருந்து பட்டினி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவருக்கு மூக்கு சிவந்துவிட்டது.

இப்போது திரும்பிப் போனால் மறுபடி வர மாட்டார் என்று எனக்குத் தெரியும். நான் வேற்று மனுஷர்களிடம் வாய் திறக்கிறவள் இல்லை. கடையில்கூட விரலைக் காட்டித்தான் சாமான் வாங்குவேன். அன்றைக்கு அந்தப் பெண்ணின் முழங்கையைத் தொட்டு, "வெறும் நூல் கயிறுன்னா உள்ள விடுவீங்களா?" என்று கேட்டேன்.

"கம்பி, சரிகை எதுவும் இல்லாத நூலா? கட்டிக்கட்டுமே."

வாசலுக்கு எதிரே இருந்த பெட்டிக்கடைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே ஓடினேன். அங்கே குழந்தைகளுக்குக் கட்டும் கருப்புக் கயிறுதான் இருந்தது. மூன்று கயிற்றை வாங்கி, ஒன்றோடொன்று முடிந்து நீளமாக்கிக்கொண்டு வந்தேன்.

"பச்சப்புள்ளைக்குக் கட்டுறதக் கொண்டாந்திருக்கா பாரு."

"ஒங்க இடுப்புக்கு மூணு பச்சப்புள்ள தேவைப்படுதே. மொதல்ல இதக் கட்டிக்குங்க, அப்புறம் அத அவுப்போம். ஒரு நொடிகூட இடுப்பு வெறுமையா இருக்காது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கயிற்றைக் கட்டினேன். வெள்ளிக்கொடியின் கொக்கி கல்யாணத்துக்கு முன்பிருந்தே போட்டது, இறுகிக் கிடந்தது. திரைக்குப் பின்னால் மண்டி போட்டு, இருக்கிற பல்லால் நெம்பி அவிழ்த்தேன். யாராவது வந்துவிடப் போகிறார்களே என்று எனக்கு வெட்கம் பிடுங்கியது. அவர் சிரிப்பை அடக்கியதில் வயிறு குலுங்கியது.

அவர் உள்ளே போனதும் கதவு வழியாக டமடமவென்று சத்தம் கேட்டது. நின்று நின்று வேறு வேறு தாளத்தில் அடித்தது. வெளியே வந்தவர், "கல்யாணத்துக்குப் போன மாதிரி இருந்துச்சு. மேளக்காரன் ஓயவே இல்ல, சோறுதான் போடல" என்றார். லப்பைக்குடிக்காட்டுக்காரரும் சிரித்துக்கொண்டே எழுந்து உள்ளே போனார்.

படத்தில் தெரிந்த இடத்தைக் குறி வைத்துச் சில நாளில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். படம் சந்தேகத்தைத்தான் காட்டும், சதையைப் பார்த்தால்தான் முடிவாகச் சொல்ல முடியும் என்றார்கள். எலும்புக்கும் தனியாக ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் வந்த பிறகு டாக்டர் எங்களை உட்கார வைத்தார்.

"கேன்சர்தான் ஐயா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

"மொதல்ல இதப் பாருங்க. இந்த வட்டம்தான் சுரப்பி. இந்தக் கருப்புப் புள்ளிதான் அது. படத்துல பாத்த வரைக்கும் வட்டத்தத் தாண்டல. எலும்பு ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்ல. முதுகுவலி நீங்க மூட்டை தூக்குனதுதான்."

எனக்குக் கேட்டது புரிந்தது. ஆனாலும் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. டாக்டர் அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தார்.

"சார், இன்னொரு தடவ காட்டுங்க."

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். நான் எழுந்து கிட்டே போய், வயலுக்குத் தண்ணீர் கட்டும்போது வரப்பைப் பார்த்து வருவேனே, அதைப் போல அந்த வட்டத்தின் ஓரத்திலேயே விரலை வைத்துச் சுற்றி வந்தேன். புள்ளி ஓரத்தை நெருங்கும் இடத்தில் நின்று நன்றாகப் பார்த்தேன். திரும்பி அவரிடம் சொன்னேன்.

"எங்கயும் ஒடப்பு இல்லங்க."

அவர் தலையை நிமிர்த்தி, "எப்ப வைத்தியம் ஆரம்பிக்கலாம் சார்?" என்று கேட்டார்.