எழிலரசி குறை சொல்லாத பேனர்

எழிலரசியிடம் ஒரு டிசைனைக் காட்டிவிட்டு உடனே பாராட்டை எதிர்பார்க்கிற ஆள் ஆவடியில் இன்னும் பிறக்கவில்லை. நாங்கள் வேலை செய்வது பேனரும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிற ஒரு சின்னக் கடை. நான் ஜெபா, ஃபிளெக்ஸ் மெஷின் ஓட்டுகிறவள். எழிலரசியும் கிருபாகரனும் டிசைன் செய்கிறார்கள். முதலாளி ராஜசேகரன் எதைக் காட்டினாலும் "சூப்பர்" என்பார், காட்டாவிட்டாலும் சொல்வார். அதனால் எழிலரசி பார்க்காமல் எந்த வேலையும் மெஷினுக்கு வராது.

அவளுக்கு ஊர் பக்கத்திலிருக்கிற முத்தாபுதுப்பேட்டை. மனதில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். ஆனால் ஆளைக் குறை சொல்ல மாட்டாள், வேலையைத்தான் சொல்வாள். கல்யாண பேனர் என்றால் திரையைத் தொட்டுக் காட்டி, "பைக்ல போறவன் இத்த பாத்தா பொண்ணு பேரு இன்னான்னே தெரியாது" என்பாள். சொல்லிவிட்டு டீ வாங்கக் கிளம்பிவிடுவாள். திருத்துகிறவன் தலைக்கு மேல் நின்று பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது. எனக்கு அந்தக் குணம் சுட்டுப் போட்டாலும் வராது. நான் வாயைத் திறந்தால் சண்டையில்தான் முடியும்.

கிருபாகரனுக்குச் சங்கரன்கோவில் பக்கம். ஐடி கம்பெனியில் செயலிகளுக்குத் திரை வரைந்துகொண்டிருந்தவன். ஆட்குறைப்பில் வேலை போனதும், சும்மா கொஞ்ச நாளைக்கு என்று வந்து இங்கேயே தங்கிவிட்டான். நூம்பலில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறான். முதலில் அவன் செய்த காதணி விழா பேனரை எழிலரசி பிரித்து மேய்ந்ததில், அன்று அவன் மதியச் சோற்றைத் தொடவில்லை. மறுநாள் அவனே அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "பாருங்கக்கா" என்றான். அப்புறம் அக்கா தம்பி ஆகிவிட்டார்கள்.

போன மாதம் எழிலரசியின் அப்பா ஏகாம்பரம் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். எங்கள் ஊரில் அது கல்யாணத்துக்குக் குறைந்ததில்லை. தொழிற்சாலை கேட்டிலிருந்து மேளத்தோடு ஊர்வலம், பட்டாசு, சாயங்காலம் மண்டபத்தில் விருந்து. பேனர் என் பரிசு என்று கிருபாகரன் முந்திக்கொண்டான். முடியும் வரை யாருக்கும் காட்டவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் திறந்து காட்டினான். கறுப்பு வெள்ளையில் ஏகாம்பரத்தின் முகம், ஒவ்வொரு சுருக்கமும் அழகாக. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாமரை. ஓரத்தில் ஒரு விளக்கு. கீழே வேலையில் சேர்ந்த வருடம், ஒரு கோடு, இந்த வருடம்.

கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்து மட்டும்தான் பாக்கி. இதைப் பார்க்கிறவர்கள் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்றுதான் கேட்பார்கள். முதலாளி எட்டிப் பார்த்து "சூப்பர்" என்றார். சொன்ன கையோடு, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கிருபாகரன் முகம் அப்படி மலர்ந்திருந்தது. எழிலரசி சொல்லிவிடுவாள் என்று நான் சும்மா இருந்தேன்.

"ரொம்ப நல்லா கீது கிருபா," என்றாள் எழிலரசி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மெஷின் பக்கம் அவளை இழுத்துப் போய், "உனக்கு இன்னா பைத்தியமா? நாளைக்கு உங்க நைனா அதுக்குக் கீழ மாலையோட நிக்கணும்," என்றேன்.

"தெரியும். சொந்தக்காரங்க இன்னா பேசுவாங்கன்னும் தெரியும்." அவள் கண் கலங்கியிருந்தது. "அவ்ளோ ஆசையா செஞ்சிக்கினு வந்துகீறான். எப்படிடீ சொல்றது?"

நாங்கள் திரும்பி வந்தபோது கிருபாகரன் முகத்தில் அந்த மலர்ச்சி இல்லை.

"என்னக்கா, ஒண்ணுமே சொல்லல?"

"அதான் நல்லா கீதுன்னேனே."

"யாரோ கஸ்டமருக்குச் செஞ்சா பத்துத் தப்பு சொல்லுதீங்க. உங்க அப்பாவுக்குச் செஞ்சதுல ஒண்ணுகூட இல்லையா? உங்க வீட்டு விசேஷம்னா நான் வெளியாளாக்கா?"

எழிலரசி திரையைத் தொட்டாள்.

"மூஞ்சி அவ்ளோ நல்லா வந்துகீது. இங்க காலியா வுட்டதும் அழகு. ஆனா கறுப்பு வெள்ளை, வெளக்கு, ரெண்டு வருசத்துக்கு நடுவுல ஒரு கோடு. தெரியாதவன் பாத்தா மாலை வாங்கிக்கினு ஊட்டுக்கு வந்துருவான். எங்க நைனா நல்லா கீறாருடா."

கிருபாகரன் திரையைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு அது தெரிந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அதுவரை இருந்த கோபம் போய் எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. பாவம், அவனும் சிரித்துவிட்டான். எழிலரசி டீ வாங்கப் போகவில்லை. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

படம் வண்ணத்துக்கு மாறியது. விளக்கு போனது, தாமரை இருந்த இடத்தில் சாமந்தி வந்தது. வருடங்களையும் கோட்டையும் எடுத்துவிட்டு, உழைப்புக்கு வணக்கம் என்று எழிலரசி எழுத்தைப் போட்டாள். மஞ்சள் எழுத்து, அதற்குச் சிவப்பு நிழல். அவள் எப்போதும் போடுவது.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றான் கிருபாகரன். "இது தேர்தல் பேனர் மாதிரி இருக்கு. உங்க அப்பா ஓட்டு கேக்கப் போறாரா?"

இத்தனை நாளில் அவளிடம் அப்படி யாரும் சொன்னதில்லை. எழிலரசி நிழலை எடுத்தாள். எழுத்து பளிச்சென்று நின்றது. "இத்த மொதல்லயே சொல்லத் தெரியாதா ஒனக்கு?" என்றாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பேனரின் அடியில் பாக்கி இருக்கிற கொஞ்ச வேலையைத் தானே முடிப்பதாகச் சொல்லி, அவனை வீட்டுக்கு அனுப்பினாள்.

மறுநாள் மண்டபத்தில் ஏகாம்பரம் கழுத்து நிறைய மாலையோடு பேனருக்குக் கீழே நின்றார். வந்தவர்கள் எல்லாரும் செல்போனில் படம் எடுத்துத் தள்ளினார்கள். எங்கள் பக்கத்துப் பேனர்களில் அடியில் குடும்பத்தார் முகங்கள் வரிசையாக இருக்கும். இதிலும் மனைவி, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று இருந்தது. மருமகனுக்குப் பக்கத்தில் இன்னொரு முகம். அதன் கீழே 'மகன் கிருபாகரன்' என்று எழுதியிருந்தது.

அதைப் பார்த்ததும் கிருபாகரன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, என் படம் கொஞ்சம் கோணலா இருக்கு."

"ஆமா, கோணலாதான் கீது," என்றாள் எழிலரசி. "அடுத்த மாசம் நைனாக்கு அறுபதாம் கல்யாணம். அதுல நேரா போட்டுக்கலாம்."